இளநீரா, மோரா, சூப்பா? இரைப்பை ஆபரேஷனுக்குப் பிறகு செட்டிநாட்டு வீட்டில் எதைக் குடிப்பது

மதுரையிலோ திருச்சியிலோ எடைக்குறைப்பு ஆபரேஷன் முடித்து, மூன்றாம் நாளோ நான்காம் நாளோ காரைக்குடிக்கோ தேவகோட்டைக்கோ திரும்புகிறவருக்கு வீட்டில் காத்திருப்பது சாப்பாடு இல்லை, குடிக்கிற பொருள்கள்தான். தோப்பிலிருந்து இளநீர் இறங்கியிருக்கும். அடுப்பில் நெஞ்செலும்பு கொதிக்கும். பார்க்க வருகிறவர் கையில் ஆரஞ்சு ஜூஸ் டப்பா இருக்கும். மருத்துவமனை கொடுத்த தாளில் "திரவ உணவு மட்டும், இரண்டு வாரம்" என்று ஒரு வரிதான். அந்த வரிக்குள் இவை எல்லாமே அடங்கும்போல் தோன்றும். ஆனால் எல்லாம் அடங்காது.

இந்த வாரங்களில் நோயாளியை மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போகும் காரணங்களில் முன்னால் நிற்பது உடலில் நீர் வற்றிப்போவதுதான். தையல் பிரிவதும் கசிவதும் அரிது, தண்ணீர் குறைவது அன்றாடம் நடப்பது. அதனால் எது சத்தானது என்று கேட்பதற்கு முன்னால் எது உள்ளே போய்த் தங்குகிறது என்று கேட்க வேண்டும். நாம் இங்கே பானங்களை ஒப்பிடுவது அந்த வரிசையில்தான். உங்கள் அறுவை மையம் கொடுத்த தாளோடு எங்காவது முரண்பட்டால் அந்தத் தாள் சொல்வதையே கேளுங்கள். உங்கள் வயிற்றைத் திறந்து பார்த்தவர் அதை எழுதிய மருத்துவர்தான்.

கொள்ளளவும் கணக்கும்

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒரு குழாய், 100 முதல் 150 மி.லி. கொள்ளும். பைபாஸ் முறையில் இரைப்பையின் மேல்பகுதியை மட்டும் சிறு பையாக்கி, நேரே சிறுகுடலோடு இணைக்கிறார்கள். அந்தப் பை இன்னும் சிறிது, ஏறக்குறைய 30 மி.லி. இரண்டிலும் முதல் வாரங்களில் உள்சுவர் வீங்கியிருப்பதால் உண்மையான இடம் இதைவிடவும் குறைவு. ஒரு எவர்சில்வர் டம்ளர் 150 முதல் 200 மி.லி. கொள்ளும். பழைய பழக்கத்தில் ஒரு மடக்கு இழுத்தால் என்ன ஆகும் என்பது இப்போது புரிந்திருக்கும்.

தேவை குறையவில்லை, பாதைதான் குறுகிவிட்டது. நாளுக்கு 1.5 லிட்டர் குறைந்தபட்ச இலக்கு, சித்திரை வெயிலில் வியர்க்கிற உடம்புக்கு 2 லிட்டர் வரை. 15 நிமிடத்துக்கு 30 மி.லி. என்று வைத்தால் மணிக்கு 120. காலை 6 மணி முதல் இரவு 8 மணி வரை 14 மணி நேரத்துக்கு 1,680 மி.லி. இலக்கு எட்டிவிடும். ஆனால் இடையில் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டால் 240 மி.லி. போயிற்று, அதை ஒரே மூச்சில் ஈடுகட்ட முடியாது. வீடு திரும்பிய முதல் இரண்டு மூன்று நாள் பலருக்கு 1 லிட்டர்தான் இறங்கும். அதற்குக் கீழே தொடர்ந்தால் மையத்துக்குப் போன் செய்யுங்கள், காத்திருக்க வேண்டாம்.

அளப்பதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. பெட்டகத்தில் எங்கேயாவது பிள்ளைக்குப் பால் புகட்டிய வெள்ளிச் சங்கோ பாலாடையோ இருக்கும். அதன் அளவு வீட்டுக்கு வீடு மாறும். அதனால் இருமல் மருந்தோடு வரும் அளவு மூடியால் ஒருமுறை தண்ணீர் ஊற்றி எத்தனை மி.லி. என்று பார்த்துக்கொள்ளுங்கள். 15 மி.லி. பாலாடை என்றால் கால் மணிக்கு இரண்டு. குழந்தைக்குப் புகட்டுகிற வேகமும் பொறுமையும்தான் இந்த வயிற்றுக்கும் வேண்டும். பாலாடை இல்லாவிட்டால் அந்த மருந்து மூடியே போதும்.

இன்னொன்று, நம் பக்கத்துக்கே உரியது. செம்பை உதட்டில் படாமல் தூக்கி, அண்ணாந்து ஊற்றிக் குடிப்பது நமக்குக் கைவந்த பழக்கம். அப்படிக் குடிக்கும்போது மடக்கு பெரிதாகிறது, தண்ணீரோடு காற்றும் சேர்ந்து இறங்குகிறது. குறுகிய பையில் அந்தக் காற்றுக்கு இடம் கிடையாது. நெஞ்சுக்குக் கீழே கல் வைத்தது போல் அழுத்தும், அடுத்த நிமிடம் நுரையாகத் திரும்பும். முதல் ஆறு வாரமாவது தனி டம்ளர் வைத்து, வாய் வைத்து, சப்பிக் குடியுங்கள். எச்சில் பற்றிய கூச்சம் வேண்டாம், டம்ளரை யாருக்கும் கொடுக்காமல் இருந்தால் போதும். ஸ்ட்ராவும் காற்றைக் கொண்டுவரும் என்று பல மையங்கள் தடுக்கின்றன.

ஊரில் இன்னொரு நம்பிக்கை உண்டு. பிரசவமானாலும் ஆபரேஷனானாலும் பச்சைத்தண்ணி அதிகம் குடித்தால் புண் ஆறாது, சீழ் கோக்கும் என்று தண்ணீரைக் குறைத்துக் கொடுப்பார்கள். பத்தியம் பார்க்கிற அன்பில்தான் செய்கிறார்கள். ஆனால் இந்த ஆபரேஷனுக்குப் பிறகு அதைவிடக் கெடுதல் வேறில்லை. புண் ஆறுவதற்கு ரத்த ஓட்டம் வேண்டும், ரத்த ஓட்டத்துக்குத் தண்ணீர் வேண்டும். இதை நோயாளி வாயால் சொன்னால் ஆச்சிமார் கேட்க மாட்டார்கள். டிஸ்சார்ஜ் அன்று வீட்டுப் பெரியவர் ஒருவரை உடன் அழைத்துப் போய் மருத்துவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

நீருக்கு நான்கு போட்டியாளர்கள்

ஒரு பானம் மூன்று வேலை செய்யலாம். நீர் தருவது ஒன்று, உப்பு தருவது ஒன்று, புரதம் தருவது ஒன்று. மூன்றையும் ஒன்றாகச் செய்யும் பானம் நம் சமையலறையில் இல்லை. முதலில் நீரையும் உப்பையும் பார்ப்போம்.

கொதித்து ஆறிய வெறும் தண்ணீர்தான் அடிப்படை. சர்க்கரை இல்லை, புளிப்பு இல்லை, எந்த மாத்திரையோடும் சண்டை போடாது. குறை என்னவென்றால் ஆபரேஷன் ஆன பலருக்கு வெறும் தண்ணீர்தான் முதலில் பிடிக்காமல் போகிறது. கனமாக இருக்கிறது, குமட்டுகிறது என்பார்கள். சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசிக்குப் பழகிய காரைக்குடிக்காரருக்குக் கேன் தண்ணீர் இன்னும் கசக்கும். வெதுவெதுப்பாக்கிப் பாருங்கள். காலையில் இரைப்பைக் குழாய் இறுகியிருக்கும்போது இளஞ்சூடு பலருக்கு இதமாக இறங்குகிறது. சிலருக்கு நேர்மாறாக, மண்பானைக் குளிர்ச்சிதான் ஒத்துக்கொள்ளும். ஒரு லிட்டருக்குச் சீரகம் அரைத் தேக்கரண்டி போட்டுக் கொதிக்கவிட்டு வடிகட்டினால் குமட்டல் குறைவதாகப் பலர் உணர்கிறார்கள். வெந்தயத் தண்ணீர் வழவழப்பாக இருப்பதால் முதல் வாரத்துக்கு வேண்டாம்.

இளநீரைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். 100 மி.லி.யில் சர்க்கரை சுமார் 3 முதல் 5 கிராம், பொட்டாசியம் ஏராளம், சோடியம் கொஞ்சம். வியர்வையிலும் வாந்தியிலும் நாம் முக்கியமாக இழப்பது சோடியத்தை. அதனால் "இளநீர் குடித்தால் எல்லா உப்பும் வந்துவிடும்" என்பது பாதிதான் சரி. நாளுக்கு 150 முதல் 200 மி.லி., ஒரு மணி நேரத்துக்கு மேலாகப் பிரித்துக் குடித்தால் நல்லது. முழு இளநீரை வெட்டிக் கையில் கொடுத்து, "முடிச்சிருங்க" என்று பக்கத்தில் நிற்பது ஆகாது. வழுக்கையைத் தொட வேண்டாம். அது கூழாகத் தோன்றினாலும் நார் கொண்டது, மெல்லாமல் இறங்கினால் இரைப்பை வாசலில் அடைக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ராமிப்ரில், டெல்மிசார்ட்டன், ஸ்பைரோனோலாக்டோன் வகை ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இளநீரைத் தினசரிப் பழக்கமாக்கக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை நம் ஊரில் வயிற்றுப்போக்குக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சாப்பாட்டு உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். அதாவது 100 மி.லி.யில் சர்க்கரை 1.35 கிராம்தான், இளநீரில் பாதிக்கும் குறைவு. சோடியமோ அதைவிடப் பல மடங்கு. தலைசுற்றல், வியர்வை, ஒரு தடவை வாந்தி என்று வந்த நாளில் இதற்கு இணை வேறு எதுவும் இல்லை. ஆனால் அன்றாடம் ஒரு லிட்டர் குடித்தால் உப்பு அதிகமாகிவிடும், முக்கியமாக ரத்த அழுத்தக்காரருக்கு. நல்ல நாளில் 200 மி.லி. போதும், மோசமான நாளில் 400 முதல் 500. பொட்டலத்தை எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம் பாதித் தண்ணீர் என்று கண்ணளவில் பிரித்தால் உப்பு ஒரு பக்கமும் சர்க்கரை ஒரு பக்கமும் போய்விடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் முடியுங்கள், மிஞ்சினால் கொட்டிவிடுங்கள்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. அட்டை டப்பாவில் பழ வாசனையோடு வருகிற இனிப்புப் பானங்கள் நெடுநாள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரோடு மருந்துக் கடையிலேயே விற்றன. 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தடை விதித்தது. பெயர் மாறியிருக்கலாம், உள்ளே சர்க்கரை அப்படியே இருக்கலாம். பின்பக்க அட்டவணையில் 100 மி.லி.க்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று பாருங்கள். 2 கிராமுக்கு மேல் என்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

நான்காவது வடிகஞ்சி. சோறு வடித்த தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு. இதை நாம் தகுதிக்குக் குறைவாகவே மதிக்கிறோம். மாவுச்சத்து சர்க்கரையைப் போல் சட்டென்று குடலில் நீரை இழுக்காது, வயிற்றில் மெதுவாக நிற்கும், உப்பும் சேர்கிறது. குக்கர் சோறு பழகிய வீட்டில் ஒரு கைப்பிடிப் பச்சரிசி நொய்யை ஒரு லிட்டர் தண்ணீரில் குழைய வேகவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டினால் போதும். ஆறினால் பசைபோல் கெட்டிப்படும். அப்போது சூடாக்கித் தண்ணீர் சேர்த்துத் தளர்த்துங்கள், கரண்டியிலிருந்து தண்ணீர் போலவே விழ வேண்டும். புளித்த நீராகாரம் மூன்றாம் வாரத்துக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் தீர்ப்பு இப்படி: அடிப்படைக்கு வெதுவெதுத் தண்ணீர், ஒரு வேளைக்கு ஓ.ஆர்.எஸ். அல்லது உப்புக் கஞ்சித் தண்ணீர், வாய்க்கு ருசியாக ஒரு வேளை சிறிது இளநீர். இளநீரை முதலிடத்தில் வைக்கிற பழக்கத்தை மட்டும் மாற்றுங்கள்.

ஒதுக்க வேண்டியவை

பானகம், பதநீர், கரும்புச் சாறு, நன்னாரி சர்பத், பழ ஜூஸ். இவற்றைச் சத்து என்று கொண்டுவருவார்கள். ஒரு லிட்டர் பானகத்துக்கு 100 கிராம் வெல்லம் என்றால் பாதி டம்ளரிலேயே 8 முதல் 10 கிராம் சர்க்கரை. பதநீரும் அதே பத்து சதவீதத்தைச் சுற்றித்தான். பைபாஸ் ஆனவருக்கு இந்தச் சர்க்கரை இரைப்பையில் தங்காமல் நேரே சிறுகுடலில் கொட்டுகிறது. குடல் ரத்தத்திலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்கிறது. 10 முதல் 30 நிமிடத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிறு முறுக்கல், பேதி. சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை சரிந்து கண் இருட்டும். இதற்கு டம்பிங் என்று பெயர். ஸ்லீவிலும் வரும், குறைவாக. தாகத்துக்குக் குடித்தது உடம்பின் நீரையே எடுத்துவிட்டுப் போவதுதான் இதன் கொடுமை.

ஒரு விதிவிலக்கு. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறவருக்குக் கை நடுங்கி, வியர்த்து, குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கத்தான் வேண்டும். 15 கிராம் குளுக்கோஸை 60 மி.லி. தண்ணீரில் கரைத்துச் சிறுசிறு மிடறாக. பிறகு உடனே மருத்துவரிடம் பேசி மருந்தளவைக் குறைக்க வேண்டும்.

கோலி சோடா, பன்னீர் சோடா, கேஸ் உள்ள எதுவும் வேண்டாம். மது அறவே கூடாது.

காப்பிக்கு மட்டும் தனியாக ஒரு பத்தி தர வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நோயாளிகள் எதை விட்டாலும் அதை விடுவதில்லை. இரைப்பைத் தையல் ஆறுகிற முதல் நான்கு வாரம் டிக்காஷன் அமிலத்தைத் தூண்டும், ஸ்லீவ் ஆனவருக்கு எதுக்களிப்பைக் கூட்டும். பழைய அளவில் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாள் தலைவலி வரும். அதனால் ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே குறைத்துக்கொண்டு வருவது நல்லது. தலைவலிக்கு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போடவே கூடாது, புது வயிற்றில் புண் உண்டாக்கும். பாராசிட்டமால் மட்டும். நான்கு வாரம் கழித்து மருத்துவர் அனுமதித்தால் சர்க்கரை போடாத, தண்ணியாகக் கலந்த 60 மி.லி. காப்பியில் தொடங்கலாம்.

புரதத்துக்கு யார்?

இங்கேதான் செட்டிநாட்டுச் சமையலறைக்கும் ஆபரேஷன் தாளுக்கும் நிஜமான மோதல். நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். இல்லாவிட்டால் உடம்பு கொழுப்போடு சேர்த்துத் தசையையும் கரைக்கும், புண் மெதுவாக ஆறும், மூன்று நான்கு மாதத்தில் முடி கொத்தாகக் கையோடு வரும்.

பருப்புத் தண்ணீர்: தெளிவாக வடித்தால் 100 மி.லி.யில் ஒரு கிராம் தேறலாம். 60 கிராமுக்கு 6 லிட்டர் குடிக்க வேண்டும். நீர்மோர்: ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர் என்றால் 100 மி.லி.யில் 0.8 கிராம். 7 லிட்டருக்கு மேல். ஆடை நீக்கிய பால்: 100 மி.லி.யில் 3 கிராமுக்குச் சற்று மேல், ஆக 2 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எலும்பு சூப் எலும்பைப் பொறுத்தும் கொதித்த நேரத்தைப் பொறுத்தும் மாறும். தாராளமாக 3 கிராம் என்று வைத்தாலும் 2 லிட்டர். அதோடு சூப்பில் வருவது பெரும்பாலும் ஜெலட்டின், தசைக்கு வேண்டிய சில அமினோ அமிலங்கள் அதில் குறைவு. வே புரோட்டீன் பவுடர்: ஒரு ஸ்கூப்பில் 20 முதல் 25 கிராம், 200 மி.லி. தண்ணீரில்.

கணக்கைப் பார்த்தால் முடிவு தானாக வந்துவிடுகிறது. முதல் மூன்று நான்கு வாரம் வே புரோட்டீன் இல்லாமல் இலக்கைத் தொட முடியாது. "பவுடரெல்லாம் உடம்புக்குச் சூடு, கிட்னி போயிரும்" என்று வீட்டில் பயப்படுவார்கள். ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மருத்துவர் சொல்லும் அளவில் நிற்க வேண்டும். மற்றவர்களுக்கு இந்த அளவு பயப்படுகிற அளவு இல்லை. இது பாலிலிருந்து பிரித்தெடுத்த புரதம்தான்.

தேர்வு செய்யும்போது ஐசொலேட் என்று எழுதியதைப் பாருங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு பாலின் லாக்டோஸ் பலருக்குச் செரிப்பதில்லை, ஐசொலேட்டில் அது மிகக் குறைவு. ஒரு வேளைக்குச் சர்க்கரை 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். உடம்பு ஏற்றுவதற்கென்று விற்கிற கெய்னர் பவுடர்களும், பிள்ளைகளுக்குப் பாலில் கலக்கிற மால்ட் பவுடர்களும் பெரும்பாலும் மாவும் சர்க்கரையுமே. கொதிக்கிற பாலில் கொட்டினால் வே புரோட்டீன் திரிதிரியாக உறைந்து, வயிற்றை அடைக்கும். முதலில் 50 மி.லி. ஆறிய தண்ணீரில் குழைத்து, பிறகு வெதுவெதுப்பான 150 மி.லி. சேர்த்து, நுரை அடங்கப் பத்து நிமிடம் விட்டுக் குடியுங்கள். நுரையோடு குடித்தால் காற்றைக் குடித்ததாகத்தான் கணக்கு. இனிப்பு வாசனை குமட்டினால் வாசனை சேர்க்காத பவுடரை வாங்கி, வடிகட்டிய மோரிலோ ஆறிய சூப்பிலோ கலக்கலாம். நம் நாக்குக்கு அதுதான் நீடிக்கிறது.

அப்படியானால் சூப்பும் மோரும் தேவையில்லையா என்றால், வேண்டும். இரண்டு வாரம் இனிப்புப் பவுடர் வாசனையிலேயே கிடந்த நாக்குக்கு உப்பும் வாசமும் தருகிறவை அவைதான்.

நெஞ்செலும்பு சூப் இந்த நாள்களுக்கு இப்படி. கால் கிலோ எலும்பு, ஒரு லிட்டர் தண்ணீர், சின்ன வெங்காயம் ஆறு, பூண்டு இரண்டு பல், சீரகம் அரைத் தேக்கரண்டி, சிட்டிகை மஞ்சள். குக்கரில் ஏழெட்டு விசில். கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ, வரமிளகாய் எதுவும் இப்போது வேண்டாம். மிளகு இரண்டாம் வாரம் ஒரு சிட்டிகை. முதலில் கம்பி வடிகட்டியிலும் பிறகு துணியிலும் வடித்து, நான்கு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். மேலே வெள்ளைத் தகடாகக் கொழுப்பு உறைந்து நிற்கும். கத்தி முனையால் ஓரத்தைக் கிளப்பினால் ஒரே அடையாகப் பெயர்ந்து வரும். அதை எறிந்துவிட்டு, கீழே தளதளவென்று இருப்பதைச் சூடாக்கி உப்புப் போட்டு 150 மி.லி. கொடுங்கள். அந்தத் தகட்டை எடுக்காமல் கொடுத்தால் குமட்டலும் எண்ணெய்ப் பேதியும் வரும். அப்போது எல்லாரும் பழியைச் சூப்பின் மேல் போடுவார்கள்.

மோருக்கு, ஆடை நீக்கிய தயிர் 50 மி.லி., கொதித்து ஆறிய தண்ணீர் 150 மி.லி., உப்பு, பெருங்காயம். இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலைத் துணுக்கு மிதக்கக் கூடாது. புளித்தது வேண்டாம், அன்று உறைந்த தயிர்தான். மோர் தெளிந்த திரவம் இல்லை என்பதால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் ஓரிரு நாள் தாண்டித் தொடங்குங்கள்.

ரசம்? தெளிவை மட்டும் இறுத்துக் கொடுக்கலாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பைபாஸ் ஆனவருக்கு இரண்டாம் வாரத்தில் புளி பாதியாகக் குறைத்துத் தெளிவை 60 மி.லி. கொடுத்துப் பார்க்கலாம். ஸ்லீவ் ஆனவருக்கு எதுக்களிப்பு இருந்தால் புளியும் தக்காளியும் மூன்று நான்கு வாரம் தள்ளிப் போகட்டும். சீரகமும் பூண்டும் தட்டிப் போட்ட புளியில்லா மிளகு நீர் அந்த ஏக்கத்தைக் கொஞ்சம் தீர்க்கும்.

இரண்டாம் வாரத்தில் ஒரு நாள்

வே புரோட்டீன் இரண்டு வேளை, 200 மி.லி. வீதம் 400. ஆடை நீக்கிய பால் 300, மூன்று தடவையாக. சூப் அல்லது மோர் 150. ஓ.ஆர்.எஸ். அல்லது இளநீர் 200. வெறும் தண்ணீர் 500. மொத்தம் 1,550 மி.லி., புரதம் 60 கிராமை ஒட்டி. பால் ஒத்துக்கொள்ளாதவர் அந்த 300-க்குப் பதில் அரை ஸ்கூப் வே சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு வே புரோட்டீன் டம்ளர் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும், ஆகட்டும். போனில் 15 நிமிட மணி வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க வருகிறவர்கள் பேச உட்கார்ந்தால் மணி அடித்தும் பாலாடை அப்படியே இருக்கும். வீட்டில் ஒருவர், பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தாலும் சரி, கணக்கு எழுதும் வேலையை எடுத்துக்கொண்டால் நன்றாக நடக்கிறது. "என்ன ஆச்சி, இம்புட்டுத்தானா குடிக்கிறீக" என்று வருகிறவர் கேட்டால், எழுதி வைத்த தாளைக் காட்டிவிடலாம்.

கால்சியமும் இரும்புச்சத்து மாத்திரையும் ஒன்றாக விழுங்கக் கூடாது, இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். பாலோடு இரும்பு வேண்டாம். சிறுநீர் பெருக்கும் நீர் மாத்திரை, சர்க்கரைக்கு டாபாகுளிஃப்ளோசின், எம்பாகுளிஃப்ளோசின் எடுத்துக்கொண்டிருந்தவர் அவற்றைத் தொடர்வதா என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். குடிப்பது 1 லிட்டராகக் குறைந்திருக்கும்போது அவை இன்னும் நீரை வெளியே தள்ளும்.

மதுரையில் தங்குவதா, ஊருக்கு வருவதா

இதுவும் ஒரு தேர்வுதான். காரைக்குடியிலிருந்து மதுரை ஏறக்குறைய 90 கிலோமீட்டர். நோயாளிக்குச் சர்க்கரை, உயர் ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சுத்திணறல் என்று கூடுதல் பிரச்சினை இருந்தாலோ, டிஸ்சார்ஜ் அன்று நாளுக்கு 1 லிட்டர்கூட இறங்கவில்லை என்றாலோ, சொந்தக்காரர் வீட்டிலாவது ஏழு முதல் பத்து நாள் மருத்துவமனைக்கு அருகிலேயே இருப்பது நல்லது. மற்றவர்கள் ஊருக்கு வரலாம். வழியில் மேலூரிலோ திருப்பத்தூரிலோ வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். உட்கார்ந்தே வந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து இந்த வாரங்களில் அதிகம், நீர் குறைந்தால் இன்னும் அதிகம். வளவும் பத்தியுமாக, அதாவது முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமுமாக, விரிந்த வீடு இதற்கு நல்ல இடம். வெயில் படாமல் உள்ளேயே மணிக்கு ஒருமுறை இரண்டு சுற்று நடக்கலாம்.

எப்போது பயப்பட வேண்டும்

வாயில் எச்சில் நுரைநுரையாகச் சுரந்து வந்தால் வேகமாகவோ கெட்டியாகவோ குடித்துவிட்டீர்கள். அரை மணி நேரம் எதுவும் வேண்டாம், பிறகு வெதுவெதுத் தண்ணீர் 10 மி.லி.யில் தொடங்குங்கள்.

சிறுநீர் வெளிர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் நல்லது என்பார்கள். ஆனால் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை அதைப் பளிச்சென்ற மஞ்சளாக்கிவிடும். நிறத்தை நம்பாமல் எண்ணிக்கையைப் பாருங்கள். பகலில் நான்கு தடவைக்குக் குறைந்தால், எழுந்து நின்றதும் கண் கட்டினால், நாக்கு ஒட்டினால் நீர் போதவில்லை. 12 மணி நேரம் எதுவுமே தங்கவில்லை என்றால் டிரிப்ஸ் ஏற்ற வேண்டிய நேரம்.

படுத்திருக்கும்போதே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120-க்கு மேல், காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, இடது தோள் வலி, மூச்சிரைப்பு. இவற்றில் எது வந்தாலும் தையல் கசிவா, நுரையீரலில் ரத்தக்கட்டா என்று பார்த்தாக வேண்டும். 108-ஐ அழையுங்கள், ஆபரேஷன் செய்த மையத்துக்கும் உடனே தகவல் சொல்லுங்கள்.

அருகிலுள்ள ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் போட நேர்ந்தால் ஒரு வாக்கியத்தை மறக்காதீர்கள்: "எனக்கு இரைப்பை ஆபரேஷன் ஆகியிருக்கு, குளுக்கோஸுக்கு முன்னாடி தயாமின் போடுங்க." நாள்கணக்கில் வாந்தி எடுத்தவரின் உடம்பில் பி1 வைட்டமின் தீர்ந்திருக்கும். அந்த நிலையில் முதலில் குளுக்கோஸ் ஏறினால் மீதமிருப்பதும் செலவாகி மூளையைப் பாதிக்கலாம். கண் பார்வை இரட்டையாவது, நடை தள்ளாடுவது, குழம்பிப் பேசுவது அதன் அடையாளம். டிஸ்சார்ஜ் தாளின் மேலே இந்த வரியைச் சிவப்பு மையில் எழுதி வையுங்கள், மயங்கியிருக்கும்போது உடனிருப்பவர் காட்டுவார்.

மூன்றாம் வாரத்துக்கு மேல்

கூழ் உணவு தொடங்கியதும் தண்ணீரையும் சாப்பாட்டையும் பிரிக்க வேண்டும். சாப்பிடும்போது குடிக்கக் கூடாது, சாப்பிட்டு 30 நிமிடம் கழித்தே தண்ணீர். இலைக்குப் பக்கத்தில் டம்ளர் வைப்பதையே நிறுத்துங்கள். ரசம் சாதமும் மோர் சாதமும் இதே கணக்கில்தான் வரும். சோற்றைக் கரைத்துச் சரசரவென்று இறக்கிவிடுவதால் வயிறு நிறைந்த உணர்வே வராது. மசித்த முட்டையும் பன்னீரும் மீனும் முதலில், சோறு கடைசியில். கவுனி அரிசி ஒட்டிக் கட்டியாவதாலும் இனிப்பாலும் இரண்டு மாதத்துக்கு மேல் தள்ளிப் போகட்டும்.

தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகிற வீடுகளுக்கு ஒரு வார்த்தை. ஆபரேஷன் ஆகி மூன்று மாதம் ஆகாதவர் அந்த வருடம் காவடியை வீட்டில் வேறொருவரிடம் கொடுக்கட்டும். மணிக்கணக்கில் வியர்க்க நடக்கும் உடம்புக்கு 30 மி.லி. மிடறு ஈடு கொடுக்காது, வழியெல்லாம் கிடைப்பதும் பானகம். பிள்ளையார் நோன்பு நாளில் பட்டினி கிடப்பதையும் அந்த ஆண்டு விட்டுவிடலாம். இழையெடுக்கிற, அதாவது நூல்திரி ஏற்றி உண்கிற, மாவுருண்டையில் குண்டுமணி அளவு கிள்ளி நாக்கில் வைத்துக்கொண்டு, பாலாடையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.